சம்பளம் தரும் கம்பெனியிலேயே சேமிப்பையும் போடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கு விலை சரிகிறது, மேலே இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். பதினேழு வருட சர்வீஸ். கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஊழியர்களுக்குத் தள்ளுபடி விலையில் பங்கு கொடுத்தார்கள். "நம்ம கம்பெனி" என்று எல்லோரும் வாங்கினோம். விலை இறங்க ஆரம்பித்ததும், குறைந்த விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணலாம், சராசரி விலை குறையும் என்று மனைவியின் நகையை அடகு வைத்து வெளிச்சந்தையிலும் வாங்கினேன். இப்போது 1,400 பங்கு இருக்கிறது. சராசரி விலை 286 ரூபாய், இன்றைய விலை 74. நகைக்கடன் பாக்கி 85,000. மூன்று வருடத்தில் மூன்று எம்.டி. பார்த்துவிட்டோம். இப்போது வந்திருப்பவர் மும்பையிலிருந்து வீடியோவில் "நாம் ஒரு குடும்பம்" என்கிறார். இன்கிரிமென்ட் கிடையாது, கேன்டீன் டோக்கன் விலை ஏறிவிட்டது, பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் கேட்டால் அடுத்த குவார்ட்டர் என்கிறார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை. பங்கை விற்பதா, வைத்திருப்பதா?
*பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்*

பதில்: தம்பி, நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பிளாண்ட் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். உங்கள் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. அதை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆத்திரத்தை ஒரு பக்கமும் பணத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பணம். 4 லட்சத்துக்கு வாங்கிய பங்கு இன்று 1,03,600 ரூபாய். வாங்கிய விலையான 286 இனி உங்களுக்கு உதவாது. அது வருமான வரிக் கணக்குக்கு மட்டும் வேண்டிய எண். இன்று உங்கள் கையில் ஒரு லட்சம் ரொக்கமாக இருந்து, வீட்டில் 85,000 நகைக்கடனும் இருந்தால் என்ன செய்வீர்கள்? நகையை மீட்பீர்களா, இந்தக் கம்பெனியின் பங்கை வாங்குவீர்களா? உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொல்வார். நகைக்கடன் வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். பங்கு விலை பழையபடி ஏறும் என்று எவரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் மாதச் சம்பளம் அந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது. வேலை முடியும்போது வர வேண்டிய பணிக்கொடையும் அங்கிருந்துதான். இப்போது சேமிப்பும் நகையும் அங்கேயே போய்விட்டன. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தபோது, ஆற்றோரம் வீடும் அதே வீட்டில் நெல் மூட்டையும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒரே ராத்திரியில் இழந்தார்கள். உங்கள் நிலைமை அதுதான். அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானபோது, ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதி அதே கம்பெனியின் பங்குகளில்தான் இருந்தது. வேலையும் போனது, முதுமைக்கு வைத்திருந்த பணமும் போனது.

ஆகவே என் பதில் விற்றுவிடுங்கள் என்பதுதான். நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பத்துப் பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

விற்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஒரு பிளாண்டை மூடப் போகிறார்கள், பெரிய ஆர்டர் கைநழுவிவிட்டது என்பது போன்ற, வெளியே யாருக்கும் தெரியாத, விலையை அசைக்கக்கூடிய செய்தி உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்று விற்கக் கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015-ம் ஆண்டு விதிகளின்படி அது குற்றம். பெரிய அதிகாரிக்கு மட்டுமல்ல, ஷிப்டில் நிற்பவருக்கும் பொருந்தும். அந்தச் செய்தியைக் கம்பெனி பங்குச் சந்தைக்கு முறையாக அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள். கணக்கு, நிதி போன்ற பிரிவுகளில் இருப்பவர்களைக் கம்பெனி ஒரு பட்டியலில் சேர்த்து வைத்திருக்கும். அவர்களுக்குக் காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் வரை வாங்கவும் விற்கவும் தடை. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "உள்ளே கேள்விப்பட்டது" என்று எதையும் போடாதீர்கள். 2017-ல் கம்பெனிகளின் முடிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் முன்கூட்டியே கசிந்ததைச் செபி விசாரித்தபோது, செய்தியை அனுப்பியவர்களின் போன்கள் வரை போனது.

நஷ்டத்தில் விற்றால் ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கில் வந்த நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் சென்று, பின்னால் வரும் நீண்ட கால மூலதன லாபத்தில் கழிக்கலாம். ஆனால் அந்த வருடத்து வருமான வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். பலர் லாபம் வந்தால்தான் படிவம் என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

விலை ஏன் இப்படி விழுகிறது என்பதையும் நீங்களே பார்க்கலாம். பங்கு விலை இறங்கினால் கம்பெனியின் கல்லாவிலிருந்து நேராகப் பணம் போய்விடாது, சந்தையில் ஒருவர் விற்று இன்னொருவர் வாங்குவதுதான் அது. ஆனால் கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரொமோட்டர்கள் தங்கள் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தால், விலை இறங்க இறங்கக் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கொடுக்க முடியாவிட்டால் அடகுப் பங்கைச் சந்தையில் தள்ளுவார், விலை இன்னும் விழும். எவ்வளவு அடகு என்பது ஒவ்வொரு காலாண்டும் பங்குச் சந்தையின் இணையதளத்தில், பங்குதாரர் விவரப் பக்கத்தில் வருகிறது. ஆடிட்டர் பாதியில் விலகினாரா, நிதி அதிகாரி மாறினாரா என்பதும் அங்கேயே அறிவிப்பாக இருக்கும். எம்.டி.யின் வீடியோப் பேச்சைவிட இந்தப் பக்கங்கள் அதிகம் பேசும்.

பி.எஃப். பாஸ்புக்கையும் உடனே திறந்து பாருங்கள். ஒரு மாதத்துப் பணத்தைக் கம்பெனி அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். திணறுகிற கம்பெனிகள் முதலில் கைவைப்பது இங்கேதான். ஆண்டறிக்கையின் பின்பகுதியில் ஆடிட்டர் அறிக்கைக்கு ஒரு இணைப்பு இருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வரிகளைக் கம்பெனி ஒழுங்காகக் கட்டுகிறதா, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை உண்டா என்று ஆடிட்டர் அதில் எழுதியே ஆக வேண்டும். நான் எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தாலும் தலைவர் உரையைத் தாண்டி நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போவேன்.

இனி அந்த பம்ப் சீல். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான், 286-ம் 74-ம் கூட அப்படிக் கவலைப்பட வைக்கவில்லை. ரசாயன ஆலையில் பராமரிப்புச் செலவை வெட்டுகிற நிர்வாகம், தன் லாபக் கணக்கை உங்கள் உயிரிலிருந்து எடுக்கிறது. சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கசிகிற ஒவ்வொரு பம்பின் எண்ணையும், நீங்கள் உதிரி பாகம் கேட்ட தேதியையும், கிடைத்த பதிலையும் ஷிப்ட் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மெயின்டனன்ஸுக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். நாளை ஏதாவது நடந்தால் முதல் விரல் மும்பையை நோக்கி நீளாது, அன்றைய ஷிப்ட் இன்சார்ஜை நோக்கித்தான் நீளும். எழுதியும் பதில் வரவில்லையென்றால் ஆலையின் பாதுகாப்புக் குழுவில் வையுங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் செய்யலாம். இதை அடுத்த குவார்ட்டருக்குத் தள்ளாதீர்கள்.

கேள்வி: மேடம், என் கணவர் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். சென்ற வருடம் ஈசாப் (ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட விலையில் பங்கு தரும் திட்டம்) பங்கு 400 எடுத்தார். பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய்தான் கட்டினோம், ஆனால் அன்றைய சந்தை விலை 500 என்று சொல்லிச் சம்பளத்தில் வரி பிடித்துவிட்டார்கள். இப்போது விலை 210. கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா? மேலிடத்தில் சண்டை, வாரம் ஒருவர் ராஜினாமா. இவர் வீட்டுக்கு வந்தாலும் லேப்டாப்பில் பங்கு விலையைத்தான் பார்க்கிறார்.
*ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி*

பதில்: கிடைக்காது அம்மா. பங்கை எடுத்த நாளின் சந்தை விலைக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகிறது. 490 ரூபாய் வீதம் 400 பங்குக்கு 1,96,000. உங்கள் கணவர் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், 4 சதவீத செஸ் சேர்த்து 61,152 ரூபாய் வரி. பிறகு விலை விழுந்தாலும் அந்த வரி அப்படியேதான்.

இன்று விற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். கைக்கு 84,000 வரும். கட்டிய 4,000-ஐயும் வரியையும் கழித்தால் மிச்சம் 18,848 ரூபாய். அதாவது நீங்கள் இன்னும் நஷ்டத்தில் விழவில்லை. ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் உங்கள் அடக்க விலை 500. ஆகவே 1,16,000 ரூபாய் மூலதன நஷ்டமாகக் காட்டலாம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வேறு பங்கு, மனை விற்ற லாபம் இருந்தால் அதில் கழிக்கலாம். எடுத்து ஒரு வருடத்துக்குள் விற்றால் அது குறுகிய கால நஷ்டம், இருவகை லாபத்திலும் கழியும். ஒரு வருடம் தாண்டினால் நீண்ட கால லாபத்தில் மட்டும்தான். புதுச்சேரியில் மனை விற்கிற யோசனை வீட்டில் இருந்தால், இந்தத் தேதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விலை 163-க்கு கீழே போனால்தான் கையிலிருந்து போட்டது நட்டம். அங்கே போகும்வரை காத்திருக்கக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. இன்னும் எடுக்காத ஈசாப் இருந்தால் அவசரமே வேண்டாம். எடுக்காதவரை வரியும் இல்லை. கடைசித் தேதி எது, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பார்த்து வையுங்கள்.

கேள்வி: கம்பெனிப் பங்கை விற்றதற்கு என் செக்‌ஷன் ஹெட் எல்லோர் முன்னாலும் என்னைத் துரோகி என்றார். விற்றது தப்பா?
*நெல்லிக்குப்பம் வாசகர்*

பதில்: தப்பே இல்லை. கம்பெனிக்கு நீங்கள் தர வேண்டியது உழைப்பு. அதைத் தினமும் தருகிறீர்கள். உங்கள் சேமிப்பு உங்கள் பிள்ளைகளுக்கு உரியது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் தலைவர், கணக்கைத் திரித்ததாகத் தானே கடிதம் எழுதினார். முதல் நாள் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று 40 ரூபாய்க்கு இறங்கியது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு உண்மையானது, தலைவர் காட்டிய கணக்குதான் பொய். அந்த ஊழியர்களை நம்பித்தான் சில மாதங்களில் டெக் மகிந்திரா அதை ஏலத்தில் எடுத்தது. அப்படியிருக்க, முதல் நாள் பங்கை விற்ற ஊழியரைத் துரோகி என்று யார் சொல்ல முடியும்? உங்கள் செக்‌ஷன் ஹெட்டுக்கு அவருடைய பயம் அவருக்கு. அவரோடு சண்டை வேண்டாம், பங்கைத் திரும்ப வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: என் தாத்தா இங்கே ஏ.எஃப்.டி. துணி மில்லில் இருந்தார். நான் பங்குச் சந்தையில் உள்ள ஒரு தனியார் கம்பெனியில் மேற்பார்வையாளர். கம்பெனி திவாலானால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு ஒரு குரல் இருந்தது. இன்று யார் கேட்கிறார்கள்?
*முதலியார்பேட்டை, புதுச்சேரி*

பதில்: அந்தக் குரலும் சும்மா வந்துவிடவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. வ. சுப்பையா போன்றவர்கள் பின்னால் நின்று கட்டிய சங்கம் அது. உங்கள் தாத்தாவின் மில் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர் தலைமுறை வாங்கித் தந்த எட்டு மணி நேரத்தில்தான் நீங்களும் வேலை பார்க்கிறீர்கள்.

திவால் சட்டம் 2016-ல் வந்தது. கம்பெனி கலைக்கப்பட்டால் பி.எஃப்., பணிக்கொடை நிதிகளில் இருக்கும் பணம் கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும் சொத்தில் சேராது. அது ஊழியர்களுக்கு உரியது. மற்றச் சொத்தை விற்று வரும் பணத்தில் முதலில் திவால் நடவடிக்கைச் செலவு. அடுத்து, ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும், தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கியும் ஒரே வரிசையில். அதற்கு அடுத்த வரிசையில்தான் மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பள பாக்கி. மேற்பார்வையாளர் எந்த வரிசையில் வருவார் என்பது நீங்கள் செய்யும் வேலையின் தன்மையையும் சம்பளத்தையும் பொறுத்தது. ஆகவே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருப்பவர்கள் கேட் மூடிய பிறகு தவிக்கிறார்கள். சாதாரணப் பங்குதாரர் இந்த வரிசையில் கடைசி ஆள். பெரும்பாலும் அவர் முறை வருவதற்குள் பணம் தீர்ந்திருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று லட்சுமி விலாஸ் வங்கி. 1926-ல் கரூரில் தொடங்கிய வங்கி. 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போட்டு எம்.டி. உட்பட ஏழு இயக்குநர்களை வெளியே அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில், நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்கத் தடை வந்தது, அந்த மாத இறுதியில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களின் பணம் பிழைத்தது. ஊழியர்களின் வேலையும் தொடர்ந்தது. பங்குகளின் மதிப்பு மட்டும் பூஜ்யம் ஆனது. தலைமுறையாகப் பங்கு வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. ஓட்டுக்கு எம்.டி.யையே அனுப்புகிற பலம் உண்டு என்பதற்கும் இதுவே சாட்சி, அந்த ஓட்டு மிகவும் தாமதமாக விழுந்தது என்பதற்கும் இதுவே சாட்சி.

கேள்வி: ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என்னைப் போன்ற சாதாரண கிளார்க் கேள்வி கேட்க முடியுமா? வேலைக்கு ஆபத்து வருமா?
*ஒரு வாசகி, பண்ருட்டி*

பதில்: முடியும். கடலூர் முதுநகர் தம்பியைப் பத்துப் பங்கு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். ஒரு பங்கு இருந்தாலும் நீங்கள் பங்குதாரர். கூட்டத்துக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் வரும். பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கில் உங்கள் மின்னஞ்சல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு நோட்டீஸ் வராததற்குக் காரணம் அதுதான். பேச விரும்புகிறவர்கள் எந்தத் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸிலேயே இருக்கும். பேசாவிட்டாலும் மின்னணு முறையில் ஓட்டுப் போடலாம். குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முதல் நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். இயக்குநர் நியமனம், அவர்கள் சம்பளம் என்று ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனித்தனி ஓட்டு உண்டு.

வேலைக்கு ஆபத்து வரவே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், மனிதர்கள் பலவிதம். அதனால் ஆபீஸில் வேலை காரணமாகத் தெரிந்த எதையும் அங்கே பேசாதீர்கள். அச்சிட்ட ஆண்டறிக்கையில் உள்ளதை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்கும் ஊழியரின் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று அதில் போட்டே ஆக வேண்டும். சென்ற ஆண்டு எத்தனை மடங்கு, இந்த ஆண்டு எத்தனை மடங்கு, நஷ்டம் வந்த வருடத்தில் ஏன் ஏறியது என்று கேளுங்கள். பழுதுபார்ப்புச் செலவு இரண்டு ஆண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். குறைந்திருந்தால் எந்த வேலையை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். பக்க எண்ணைச் சொல்லிக் கேட்டால் தலைவரால் மழுப்ப முடியாது. கேள்வியைத் தமிழில் எழுதி, ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதையே முன்கூட்டி மின்னஞ்சலிலும் கம்பெனி செக்ரட்டரிக்கு அனுப்பி வையுங்கள்.